பொய்யான பத்திரமெல்லாம் போலிப் பத்திரம் ஆகாது

உங்கள் நிலத்தை ஒருவர் ‘இது என்னுடையது’ என்று சொல்லி, தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டு விற்றுவிடுகிறார். புகாரில் எல்லோரும் எழுதுவது ‘ஃபோர்ஜரி’, அதாவது போலி ஆவணம் தயாரித்த குற்றம். வழக்கு அங்கேயே சறுக்குகிறது. உச்ச நீதிமன்றம் 2009-ல் முகமது இப்ராஹிம் எதிர் பீகார் அரசு வழக்கில் இதைத் தெளிவுபடுத்தியது: அவர் உங்களைப் போல ஆள்மாறாட்டம் செய்யவில்லை, நீங்கள் அதிகாரம் கொடுத்ததாகவும் சொல்லவில்லை; எனவே அது போலி ஆவணம் அல்ல. பணம் கொடுத்து ஏமாந்தவர் மோசடிப் புகார் கொடுக்கலாம். உங்களுக்கு வழி உரிமையியல் நீதிமன்றம்.

சரி, எதுதான் போலி ஆவணம்? பிறர் பெயரில், அவர் அனுமதியின்றி எழுதுவது. எழுதி முடித்த ஆவணத்தை உரிமையின்றித் திருத்துவது. காசோலையில் ஒரு சுழியம் சேர்த்தாலே போதும். மனநலம் குன்றியவரிடமோ போதையில் இருப்பவரிடமோ, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாத நிலையில் கையெழுத்து வாங்குவது. சொந்தக் கையெழுத்தும் சில வேளை சிக்க வைக்கும்: ஒருவருக்குக் கிரயம் கொடுத்துவிட்டு, அவரை ஏமாற்ற அதே சொத்துக்கு ஆறு மாதம் முன்தேதியிட்டு இன்னொருவருக்கும் எழுதிக் கொடுத்தால் அதுவும் குற்றமே.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 336-ன்படி சாதாரணப் போலிக்கு 2 ஆண்டு வரை சிறை, ஏமாற்றும் நோக்கம் இருந்தால் 7 ஆண்டு வரை. உயில், கிரயப் பத்திரம் போன்றவை என்றால் பிரிவு 338: ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த செயலுக்குப் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகளே பொருந்தும்.

‘நான் செய்யவில்லை, காசு கொடுத்து வாங்கினேன்’ என்பது போலிச் சான்றிதழ் காட்டி வேலையில் சேர்ந்தவரைக் காப்பாற்றாது. போலி என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்கு, அதைத் தயாரித்தவருக்குரிய தண்டனைதான்.

நிரூபிக்க வேண்டிய இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நகலை மட்டும் வைத்துக் கையெழுத்து நிபுணரால் அதிகம் சொல்ல முடியாது. பேனா அழுத்தம், நடுக்கம், இடையில் பேனாவைத் தூக்கிய இடம் எல்லாம் அசலில்தான் தெரியும். அசலை லேமினேட் செய்யாதீர்கள், அதன்மேல் எதுவும் எழுதாதீர்கள். ஒப்பீட்டுக்கு அதே காலத்தில் நீங்கள் போட்ட கையெழுத்துகள் வேண்டும். பழைய வங்கிப் படிவங்கள் உதவும். பதிவான பத்திரம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும் கைரேகையை ஒப்பிடக் கேளுங்கள். கையெழுத்தைப் பழகிப் போடலாம், ரேகையைப் பழக முடியாது.

குற்றவழக்கில் தண்டனை கிடைத்தாலும் பத்திரம் தானாக ரத்தாகிவிடாது. அதற்குத் தனி உரிமையியல் வழக்கு வேண்டும். விவரம் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். காவல் நிலையத்துக்கே நடந்துகொண்டிருந்தால் அந்தக் கெடு போய்விடும்.