பொங்கல் லீவில் கீழே இறங்கிய டேட்டா

நான்கு நாள் பொங்கல் விடுமுறை முடிந்த காலை. புதுச்சேரியில் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடும் கவுண்டர் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. நோயாளியின் பழைய எண்ணைத் தட்டினால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சர்வரில் கோளாறில்லை, நெட்வொர்க்கிலும் இல்லை. டேட்டா இடம் மாறியிருந்தது. ஆள் யாரும் மாற்றவில்லை. டிஸ்குகளை அடுக்கி டேட்டாவைச் சேமிக்கும் ஸ்டோரேஜ் பெட்டி தானாகவே மாற்றியிருந்தது.

பெரிய நிறுவனங்களில் எல்லா டேட்டாவும் ஒரே மாதிரி டிஸ்கில் இருப்பதில்லை. மேல் அடுக்கில் எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகமே இல்லாத சிப் டிஸ்க்), நடுவில் சுழலும் ஹார்டு டிஸ்க், அடியில் காந்த நாடாவான டேப். இப்படிப் பிரித்து வைப்பதுதான் டியரிங். மேலே போகப் போக வேகமும் கூடும், விலையும் கூடும்.

அந்த வேக வித்தியாசம் சாதாரணமில்லை. எஸ்.எஸ்.டி. ஒரு துண்டைப் படிக்க ஏறக்குறைய 0.1 மில்லி விநாடி ஆகும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் ஹார்டு டிஸ்கில், டேட்டாவைப் படிக்கும் ஊசி போன்ற ஹெட் சரியான தடத்துக்கு நகர சுமார் 8 மில்லி விநாடி. வேண்டிய இடம் சுழன்று ஹெட்டுக்கு அடியில் வரச் சராசரியாக இன்னொரு 4. ஆக 12. டேப்பை எடுத்து மாட்டி, சுற்றித் தேட ஒரு நிமிடம் போல ஆகும். அடுப்படிக் கணக்கில் சொன்னால், அஞ்சறைப் பெட்டியில் கடுகு எடுக்க 1 விநாடி என்றால், பரணில் ஏறி எடுக்க 2 நிமிடம். டேப்பிலிருந்து வர 7 நாள். ஒரு வாரம் கழித்தா தாளிப்பது? அதற்காகப் பொங்கப்பானையை வருஷம் முழுக்க அடுப்பு மேடையிலும் வைக்க முடியாது.

எதை எங்கே வைப்பது என்று யார் முடிவு செய்வது, ஆளா பெட்டியா என்பதில்தான் சிக்கல்.

தானியங்கி டியரிங் செய்வது வெறும் எண்ணும் வேலை. இஎம்சி என்ற ஸ்டோரேஜ் நிறுவனத்தின் வி.என்.எக்ஸ். பெட்டிகள் டிஸ்க் இடத்தை 1 ஜி.பி. துண்டுகளாகப் பிரித்தன, அடுத்த தலைமுறையில் துண்டு 256 எம்.பி. ஆனது. ஒவ்வொரு துண்டையும் எத்தனை முறை தொட்டார்கள் என்று மணிக்கொரு தரம் குறித்துக்கொள்ளும். புதிய கணக்குக்கு எடை அதிகம், பழையது தேய்ந்துகொண்டே போகும். இரவில் வேலை ஓய்ந்ததும், அந்த வரிசைப்படி துண்டுகளை மேலும் கீழும் நகர்த்தும்.

500 ஜி.பி. டேட்டாபேஸில் ஓயாமல் அடிபடுவது இண்டெக்ஸும் (எந்தப் பதிவு எங்கே என்று காட்டும் அட்டவணை) இந்த மாதப் பதிவுகளும்தான். கையால் செய்பவர் டேட்டாபேஸ் இருக்கும் முழு வால்யூமையும் (ஒரே டிஸ்காகப் பிரித்துக் கொடுத்த பகுதி) தூக்கி எஸ்.எஸ்.டி.யில் வைப்பார், இயந்திரமோ சூடான துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிடும். இந்தப் பொறுமை எனக்கில்லை, யாருக்கும் இருக்காது. கையால் வைப்பதில் மறதியும் உண்டு. வைத்தவர் வேலையை விட்டுப் போன பிறகும், என்றோ முடிந்த ஆய்வின் ஃபைல்கள் எஸ்.எஸ்.டி.யில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். இறக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

அப்படியானால் பொங்கலன்று நடந்தது என்ன? ஓ.பி. மூடியிருந்ததால் பதிவுத் துண்டுகளின் கணக்கு தேய்ந்தது. லீவுதானே என்று பழைய எக்ஸ்ரே படங்களை வேறு இடத்துக்கு நகலெடுக்கும் வேலையை நாங்கள்தான் ஓடவிட்டிருந்தோம். பெட்டியின் கண்ணுக்கு எக்ஸ்ரே சூடு, ஓ.பி. ஆறிப்போனது. மேலே இருந்ததை இறக்கி, கீழே கிடந்ததை ஏற்றிவிட்டது. ஐபிஎம்மின் ஈஸி டியர் போன்றவை இப்படிப்பட்ட பெரிய தொடர் வாசிப்புகளை மேலே ஏற்றும் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்கள் பெட்டிக்கு அந்த விவரம் போதவில்லை.

நேற்று எதைத் தொட்டார்கள் என்பது இயந்திரத்துக்குத் துல்லியமாகத் தெரியும். நாளை ஓ.பி. திறக்கும் என்பது கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்குத் தெரியும், பெட்டிக்குத் தெரியாது.

பிறகு நாங்கள் செய்தது இரண்டும் கலந்த ஏற்பாடு. ஓ.பி. பதிவு டேட்டாபேஸை எஸ்.எஸ்.டி.யிலேயே கட்டிப்போட்டோம்; என்ன ஆனாலும் இறங்காது. சட்டத்துக்காக மட்டும் வைத்திருக்கும் பழைய பதிவுகளை நேராக டேப்புக்கு அனுப்பினோம். நடுவில் கிடந்த பெரும்பங்கைப் பெட்டியின் கணக்குக்கே விட்டோம். எதிலும் கையை வைக்காமல் முழுத் தானியங்கியாக விடுவது, என்னைக் கேட்டால், சோம்பேறித்தனம்.

சி.டி. ஸ்கேன்தான் கடைசிவரை படுத்தியது. எடுத்த வாரம் ஓயாமல் பார்ப்பார்கள், பிறகு ஆறு மாதம் சீண்ட ஆளில்லை, மறுபரிசோதனை நாளன்று பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க டாக்டருக்கு அந்த நிமிஷமே வேண்டும். எந்த எண்ணிக்கையாலும் இதை ஊகிக்க முடியாது. அந்த நாள் எது என்பது அப்பாயின்ட்மென்ட் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. அதனால் இரவு 11 மணிக்கு மறுநாள் பட்டியலைப் படித்து, அந்த நோயாளிகளின் பழைய ஸ்கேன்களை முன்கூட்டியே மேலே ஏற்றும் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்தோம்.

பண்ருட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து, அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் வந்து நிற்கும் பெரியவருக்கு மட்டும் திரையில் அந்த வட்டம் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றத்தான் செய்கிறது.