நெடி அடித்தால் குளோரின் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை

நீச்சல் குளம் பராமரிக்கிற எங்களுக்குப் போன ஞாயிற்றுக்கிழமையும் அதே புகார் போன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பண்ணை வீடு. பிள்ளைகள் கண் சிவந்து பூலை விட்டு ஏறியிருக்கிறார்கள், குளோரின் நெடி மூக்கைத் துளைக்கிறது. "உங்க ஆள் மருந்தை அள்ளிக் கொட்டிட்டார் போல. ஒரு வாரம் எதுவும் போடாதீங்க" என்றார் வீட்டுக்காரர். போய்ச் சோதித்தால், கிருமியைக் கொல்லும் நிலையில் இருந்த குளோரின் 0.3 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்). இருக்க வேண்டியது 1 முதல் 3 வரை.

தயவுசெய்து இதை ஒருமுறை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். சரியான அளவில் குளோரின் இருக்கும் பூலில் நெடி அநேகமாக இருக்காது. வேர்வை, சிறுநீர், உடம்பு அழுக்கு இவற்றோடு குளோரின் சேரும்போது குளோராமின் உண்டாகிறது. மூக்கை அரிப்பதும் கண்ணைச் சிவக்க வைப்பதும் அதுதான். அதாவது நெடி வந்தால், குளோரின் போதவில்லை என்று பொருள். அப்போது போய் மருந்தை நிறுத்தினால் மூன்றாம் நாள் தண்ணீர் பச்சையாகும். அப்புறம் எங்களைத்தான் திட்டுவீர்கள்.

இந்தக் குழப்பத்துக்கு மஞ்சள் சொட்டு மருந்துக் கிட்டும் ஒரு காரணம். அது மொத்தக் குளோரினைக் காட்டும். குளோராமினும் அதில் அடங்கும். டி.பி.டி. கிட் (மாத்திரை போட்டுச் சோதிப்பது) வாங்குங்கள். 1-ஆம் மாத்திரை தனிக் குளோரினை, அதாவது கிருமியைக் கொல்லும் நிலையில் உள்ளதைக் காட்டும், 3-ஐயும் சேர்த்தால் மொத்தம் தெரியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குளோராமின். அதைப் போல் பத்து மடங்கு குளோரின் போட்டால்தான் அது உடையும். 70,000 லிட்டர் பூலில் குளோராமின் 1 பி.பி.எம். இருந்தால், 65 சதவீதக் கால்சியம் ஹைப்போ (குளோரின் தூள்) ஒரு கிலோவுக்குச் சற்று மேலே தேவைப்படும். அரைக் கிலோ போட்டுவிட்டு நெடி போகவில்லையே என்று சொல்லாதீர்கள்.

அதற்கு முன் பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) பாருங்கள். 7.2 முதல் 7.6. பி.எச். 8 ஆனால், போட்ட குளோரினில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலை செய்யும். இங்கே பல இடங்களில் போர் தண்ணீர் கடினத்தன்மை கூடியது. பி.எச். ஏறினால் டைல்ஸில் வெள்ளைப் படிவமும் கட்டும். பி.எச்.-ஐக் குறைக்க ஆசிட் விடும்போது வாளியில் தண்ணீரை முதலில் எடுத்து, அதில் ஆசிட்டை ஊற்றுங்கள். மாற்றிச் செய்யவே கூடாது. காரத்தன்மை 80 முதல் 120 பி.பி.எம்.-க்குள் இல்லாவிட்டால் பி.எச். ஒரு நிலையில் நிற்காது.

வார இறுதியில் மட்டும் வருகிறவர்கள் டி.சி.சி.ஏ. மாத்திரையை (மெல்லக் கரையும் குளோரின் மாத்திரை) மிதவையில் போட்டுவிட்டுப் போகிறார்கள். சரி, வசதிதான். ஆனால் ஒவ்வொரு மாத்திரையும் சயனூரிக் அமிலத்தைத் தண்ணீரில் விட்டுப் போகிறது. அந்த அமிலம் 30 முதல் 50 பி.பி.எம். வரை இருந்தால் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும். 100-ஐத் தாண்டினால் குளோரினின் வேகத்தை முடக்கிவிடும். பாதித் தண்ணீரை இறக்கி மாற்றுவதுதான் வழி.

மருந்தைச் சாயங்காலம் போடுங்கள், பம்ப் ஓடட்டும். குளோரின் அளவு 3-க்குக் குறையும் வரை யாரும் பூலில் இறங்க வேண்டாம். குளிக்கும் முன் எல்லோரும் சோப்புப் போட்டு ஷவரில் நில்லுங்கள், பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு வாருங்கள். பாதிக் குளோராமின் தொல்லை அங்கேயே தீரும்.

இன்னொன்று, இதில் மட்டும் நான் கறாராகத்தான் பேசுவேன். டி.சி.சி.ஏ. மாத்திரை இருந்த மிதவையிலோ டப்பாவிலோ கால்சியம் ஹைப்போ தூளைப் போடாதீர்கள், வெடிக்கும். ஆசிட்டையும் குளோரினையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் வருவது விஷவாயு. பூல் பார்த்துக்கொள்ளும் தம்பிக்குக் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள், இன்றைக்கே.