போக எட்டு மணி நேரம், திரும்ப ஏழு

"பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது; அப்படியானால், மேற்கே செல்லும் விமானத்தை நோக்கி ஊரே நகர்ந்து வந்து, பயணம் விரைவில் முடிந்துவிட வேண்டாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நடப்பதோ நேர்மாறு. லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே, உலக உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்தால், சுமார் 5,540 கி.மீ. வரும். அத்தொலைவை மேற்கே கடக்க ஏறத்தாழ எட்டு மணி நேரமும், கிழக்கே திரும்ப ஏழு மணி நேரமும் ஆகின்றன.

பூமி தன்னைப் போர்த்தியிருக்கும் காற்றையும் சேர்த்தே சுழற்றுகிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. ஆகவே ஊர் எதிர்கொண்டு வருவதில்லை. ஆயினும் வாசகரின் ஐயத்தில் பாதி நியாயம் உண்டு என்பதுதான் இதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி. வெப்ப மண்டலத்துக் காற்று சூடேறி உப்பியிருப்பதால், பத்து கி.மீ. உயரத்தில் அங்குள்ள அழுத்தம் துருவப் பக்கத்தைவிட மிகுந்திருக்கும். அது காற்றை வடக்கே தள்ளும். நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. 60 பாகை அட்சரேகையிலோ அதில் பாதிதான். வேகமான தரையிலிருந்து மெதுவான தரைக்கு நகரும் காற்று, பழைய வேகத்தை விடாமல் கீழே உள்ள தரையை முந்திக் கிழக்கே விலகுகிறது. வடக்கே புறப்பட்ட காற்று இப்படிக் கிழக்கே பாயும் ஆறாகிவிடுகிறது. இதுவே ஜெட் காற்றோட்டம். குளிர்காலத்தில் இதன் வலு கூடும்.

1920களில் பலூன்களை விட்டு இக்காற்றை அளந்த ஜப்பானிய வானிலை அறிஞர் வாசாபுரோ ஓயிஷி, 1926இல் தம் முடிவுகளை எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட செயற்கை மொழியில் வெளியிட்டார். வெளியுலகில் அதைப் படித்தவர்கள் மிகச் சிலரே. 1944இல் ஜப்பான் மீது பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அதே காற்றில் தடுமாறின. பலூன் விடுவதற்கெல்லாம் பணம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இருக்கைக்கு முன்னுள்ள திரையில் தரைவேகம் 1,050 கி.மீ. என்று காட்டினாலும், சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தவரை விமானம் வழக்கமான 900 கி.மீ. வேகத்தில்தான் செல்கிறது, மீதி 150 காற்றின் கொடை. 2020 பிப்ரவரியில், புயலோடு சேர்ந்து வலுத்த இக்காற்றில், ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

போகும்போது இழப்பதை வரும்போது ஈடுகட்டிவிடலாமே என்று தோன்றும். ஓடுபாதையிலும் ஏறி இறங்குவதிலும் ஆகும் நேரத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டுப் பார்த்தால், அதே 150 கி.மீ. காற்றில் திரும்புவதற்கு 5 மணி 17 நிமிடமும், எதிர்த்துப் போவதற்கு 7 மணி 23 நிமிடமும் ஆகின்றன. மொத்தம், காற்றே இல்லாத நாளைவிட 21 நிமிடம் கூடுதல். எதிர்காற்றில் விமானம் மெதுவாகச் செல்வதால், அதற்குள் சிக்கியிருக்கும் நேரமும் நீள்கிறது. ஆகவே மேற்கே செல்லும் விமானங்கள் அன்றைய காற்றைப் பார்த்து, நூல் காட்டிய குறுகிய வழியை விட்டுவிட்டு, பல நாட்களில் வடக்கே விலகிச் சுற்றிச் செல்கின்றன.