தானோஸ் சொன்னது சரிதானே, மிஸ்?

2019 ஜூன். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய காய்ந்து கிடந்த நேரம். பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தரும் எங்கள் கிளினிக்கில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கழிவறையில் ஒரு வாளியும் குவளையும் வைத்து, 'பார்த்துச் செலவழிக்கவும்' என்று எழுதி ஒட்டியிருந்தோம். அந்த வாரத்தில்தான் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அம்மா கூட்டிவந்தார். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"பாதி பாதியா சாப்பிடறான் மேடம். நாலு இட்லி வெச்சா ரெண்டு. ரெண்டு தோசை வெச்சா ஒண்ணு. மிச்சத்தை அப்படியே தட்டுல விட்டுடறான். குளிக்க அரை பக்கெட் போதுங்கறான். எந்நேரமும் அந்த சூப்பர் ஹீரோ படம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இப்படி ஆயிட்டான்."

என்னிடம் வரும் பெற்றோர் பலரும் முதலில் கூண்டில் ஏற்றுவது ஏதாவது ஒரு படத்தைத்தான். இந்தப் பழக்கத்தில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு என்பதைக் கொஞ்சம் கூச்சத்தோடு சொல்லிவிடுகிறேன். 1954-ல் ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றத்தில் தள்ளுகிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் குழு ஒன்று விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் மிரண்டுபோய்த் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை அமைப்பை வைத்துக்கொண்டார்கள். வெர்தாம் தன்னிடம் வந்த பிள்ளைகள் பேசியதைத் தன் வாதத்துக்குத் தோதாக வெட்டி ஒட்டியிருந்தார் என்பது, அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து கேரல் டில்லி என்ற ஆய்வாளர் அவருடைய குறிப்புகளைப் படித்துப் பார்த்தபோதுதான் தெரியவந்தது. அதைப் படித்ததிலிருந்து, பிள்ளை சொல்வதை அந்தப் பிள்ளையின் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வது என் வழக்கம்.

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, என்ன படம் என்று பையனைக் கேட்டேன். ஏப்ரலில் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' இரண்டு முறை, தமிழில். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் ஒட்டவில்லை என்பதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனோம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'இன்ஃபினிட்டி வார்' எத்தனை முறை என்று அவனுக்கே கணக்கில்லை.

எந்த ஹீரோவைப் பிடிக்கும் என்று நான் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பிள்ளைகளிடம் தயாராக ஒரு பதில் இருக்கும், 'பெரியவனானதும் டாக்டர் ஆவேன்' என்பது மாதிரி. வில்லனைப் பற்றிக் கேட்டால்தான் யோசிப்பார்கள். இவனும் யோசித்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்: "தானோஸ் சொன்னது சரிதானே, மிஸ்? பாதிப் பேர் இல்லைன்னா எங்க தெருவுல லாரித் தண்ணிக்கு இவ்வளவு க்யூ இருக்காது."

படம் பார்க்காதவர்களுக்காக: தானோஸ் ஒரு சொடுக்குப் போட்டு அண்டத்தில் உள்ள உயிர்களில் பாதியை இல்லாமல் ஆக்குகிறவன். அவன் சொல்லும் காரணம், இருப்பது எல்லாருக்கும் பத்தாது என்பது.

இந்தக் கதைகளில் ஹீரோ ஏறக்குறைய ஒரே ஆள்தான். அவன் யாரை அடிக்கிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரியவர்கள் அந்தந்தக் காலத்தில் எதை நினைத்துத் தூக்கம் கெட்டார்களோ, அது முகமூடி மாட்டிக்கொண்டு வந்து நிற்கும். 1938-ல் சூப்பர்மேன் வந்த முதல் இதழை எடுத்துப் பாருங்கள். வேற்றுக்கிரகப் படையெடுப்பு எதுவும் கிடையாது. மனைவியை அடிக்கும் ஒருவனை வெளுக்கிறான், செனட்டரை விலைக்கு வாங்கும் தரகன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையும் நம்பிக்கையும் இழந்திருந்த ஊருக்கு அதுதான் வேண்டியிருந்தது. 1941 மார்ச் தேதியிட்ட இதழின் அட்டையில் கேப்டன் அமெரிக்கா ஹிட்லரின் முகத்தில் குத்துவிடுகிறான். அமெரிக்கா அப்போது போரிலேயே இறங்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஸ்பைடர்மேனின் சிலந்தி. 1962 ஆகஸ்ட் தேதியிட்ட முதல் கதையில் அது கதிர்வீச்சு பட்ட சிலந்தி. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணு ஆயுதப் போரின் விளிம்புவரை போன கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது அதே ஆண்டு அக்டோபரில். 2002-ல் திரைப்படமாக எடுத்தபோது அது மரபணு மாற்றிய சிலந்தி ஆகிவிட்டது. கடி ஒன்றுதான், பயம் மட்டும் அணுகுண்டிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு வீடு மாறிவிட்டது.

தானோஸுக்கும் இது நடந்தது. 1991-ல் வந்த காமிக்ஸில் அவன் பாதி உயிர்களை அழிப்பது மரண தேவதையின் மனதைக் கவர்வதற்காக. ஆமாம், காதலுக்காகத்தான். 2018-ல் திரைக்கு வந்தபோது காதல் காணாமல் போய், பங்கீட்டுக் கடை அதிகாரி மாதிரி கணக்குப் பேசுகிறான். அதுவும் ஏழை பணக்காரன் பார்க்காத குலுக்கல் முறையில். தண்ணீர், சோறு, இடம் எல்லாம் தீர்ந்துபோகும் என்ற பயம் இல்லாத காலத்தில் இப்படி ஒரு வில்லன் எடுபட்டிருக்க மாட்டான். அந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அவன் கணக்கு தப்பு என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. அவன் வளர்ப்பு மகள் கமோரா ஒரு வரி மறுக்கிறாள், மற்றவர்கள் நேரே அடிதடிக்குப் போய்விடுகிறார்கள். கணக்கைச் சரிபார்க்கும் வேலை பன்னிரண்டு வயதுப் பையன் தலையில் விழுகிறது.

பயம் மாறுவதோடு சரி தப்பும் மாறும். 2008-ல் வந்த 'த டார்க் நைட்' படத்தில் பேட்மேன் ஊரில் உள்ள எல்லாருடைய போனையும் வேவுக் கருவியாக்கி வில்லனைப் பிடிக்கிறான். அவனுக்கு உதவும் லூசியஸ் ஃபாக்ஸ், இந்த இயந்திரம் இருக்கும்வரை நான் இங்கே வேலை பார்க்க மாட்டேன் என்கிறார். ஆறே ஆண்டு கழித்து, அமெரிக்க அரசு மக்களின் போனையும் இணையத்தையும் வேவு பார்ப்பதை ஸ்னோடென் என்பவர் அம்பலப்படுத்திய மறுவருடம், 'கேப்டன் அமெரிக்கா: விண்டர் சோல்ஜர்' படத்தில் வேவு பார்ப்பதே வில்லனின் திட்டம். வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, பரீட்சை மதிப்பெண் வரை அலசி, நாளைக்குத் தொல்லை கொடுக்கப்போகிறவர் யார் என்று இன்றைக்கே தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்கள். இதை என்னிடம் விளக்கமாகச் சொன்னவள் பதினைந்து வயதுப் பெண். அவள் போனில் அம்மா ஒரு செயலி போட்டு, டியூஷனிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினாள் என்பது வரை பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அம்மா பேட்மேனா, அந்தக் கும்பலா, நீங்களே சொல்லுங்க." நான் சொல்லவில்லை. அம்மாவை உள்ளே கூப்பிட்டு அதையே அவரிடம் கேட்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஓடியது, கொஞ்சம் கண்ணீர், கடைசியில் செயலி ராத்திரி ஏழு மணிக்கு மேல் மட்டும் என்று உடன்பாடு.

சரி, பையனுக்கு வருவோம். அவன் கேட்டதை 'அப்படியெல்லாம் பேசக்கூடாது' என்று மூடிவிடுவது சுலபம். நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2018-ல் உலக மக்கள்தொகை சுமார் 760 கோடி. பாதி என்றால் 380 கோடி. 1970-களின் தொடக்கத்தில் உலகத்தில் இருந்ததே அவ்வளவு பேர்தான். "அப்போ எல்லாருக்கும் சோறு கிடைச்சிருக்கணும் இல்ல?" என்று கேட்டேன். "இல்ல மிஸ். ரேஷன் அரிசிக்கு விடியக்காலையில போய் நின்னோம்னு பாட்டி சொல்வாங்க."

அவனுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அவனைத் தின்றுகொண்டிருந்தது உலகக் கணக்கு இல்லை என்பது அடுத்த நிமிஷம் தெரிந்தது. என் நோட்டை இழுத்து நாலு பேர் எழுதினான்: அப்பா, அம்மா, பாட்டி, நான். அப்புறம் பாட்டியையும் 'நான்' என்பதையும் கோடு போட்டு அடித்தான். "அப்பாதான் சம்பாதிக்கணும். அம்மா எல்லா வேலையும் செய்றாங்க. நாங்க ரெண்டு பேரும் சும்மாதானே இருக்கோம்."

இந்த இடத்தில் பெரியவர்கள் பலரும் பேச்சை மாற்றிவிடுவார்கள். மாற்றக்கூடாது. "செத்துப் போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்காவிட்டால்தான் பிள்ளை அதோடு தனியாக இருக்கும். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். "சாகறது இல்ல மிஸ். கம்மியா இருந்தா போதும்." பதில் வேறாக இருந்திருந்தால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சு வந்து கை உதறினால், 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை இருபத்து நாலு மணி நேரமும் இருக்கிறது, தமிழிலும் பேசுவார்கள்.

மார்ச்சில் அப்பாவுக்கு வேலை போயிருக்கிறது. ஸ்கூல் ஃபீஸ், லாரித் தண்ணீருக்குப் போட்ட பங்குப் பணம் எல்லாம் ராத்திரியில், பையன் தூங்கிவிட்டான் என்று நினைத்துப் பேசப்பட்டவை. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட அரைகுறை வார்த்தைகளுக்கு ஓர் உருவம் தேவைப்பட்டது. அதைத் தானோஸ் கொடுத்தான். படம் இல்லாதிருந்தால் பயம் வந்திருக்காது என்று நினைக்கிறீர்களா? வந்திருக்கும். சொல்லத்தான் வழி இருந்திருக்காது.

ஆறு ஏழு வயதுக்குக் கீழே விஷயம் வேறு. துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பால்கனிச் சுவரில் ஏறும் வயசு. அவர்களைக் கண் மறைவாக விடாதீர்கள், படத்தின் தணிக்கைச் சான்றிதழில் யுஏ 7+, 13+, 16+ என்று இப்போது தனித்தனியாகப் போடுகிறார்கள், அதைப் பாருங்கள். அதற்கு மேல் உள்ள பிள்ளைகளிடம், தியேட்டரிலிருந்து வண்டியில் வரும்போது 'படம் எப்படி' என்று கேட்டால் 'சூப்பர்' என்பார்கள், அதோடு சரி. 'அந்த வில்லனுக்கு அப்படி என்னதான் வேணுமாம்?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டுங்கள்.

பையனிடம் கேட்டுக்கொண்டு, அந்தக் காகிதத்தை அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி வீட்டு வரவு செலவு நோட்டை மகன் முன்னால் பிரித்து வைத்து, கையில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை மாதத்துக்கு வரும், ஃபீஸுக்கு சித்தப்பா எவ்வளவு தருகிறார் என்று வரி வரியாகக் காட்டியிருக்கிறார்.

ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. மறுநாள் சனிக்கிழமை, பையன் உள்ளே வந்த வேகத்தில் என் நோட்டை எடுத்துக்கொண்டான். "50 வேகன் மிஸ். ஒரு வேகனுக்கு 50,000 லிட்டர். மொத்தம் 25 லட்சம். ஒரு குடத்துக்கு 15 லிட்டர்னு வெச்சா..." வகுத்துக்கொண்டே போனான். ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரத்துச் சொச்சம் குடம். அதை எத்தனை வீட்டுக்குப் பிரிக்கலாம் என்பது அடுத்த பக்கம்.

கிளம்பும்போது அவன் அம்மா வாசலில் நின்று, அவனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "நேத்து மூணு இட்லி சாப்பிட்டான் மேடம்."