கிட்டப் போனால் கூடும் ஏற்றம்

மட்டக்களப்பில் எந்த ரியூசன் வகுப்புக்குப் போனாலும் இலத்திரனின் ஏற்றம் 1.6 × 10⁻¹⁹ கூலோம், அது ஒரு மாறிலி என்றுதான் சொல்லித் தருவார்கள். உயர்தரப் பரீட்சைக்கு அது போதும். ஆனால் துகள்களையும் அவற்றுக்கிடையிலான விசைகளையும் விளக்கும் குவாண்டம் புலக் கோட்பாட்டில் அந்த எண், எவ்வளவு கிட்ட நின்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

வெற்றிடம் உண்மையில் வெறுமை இல்லை. இலத்திரனைச் சுற்றி இலத்திரன்–பொசித்திரன் (இலத்திரனின் நேரேற்ற எதிர்த்துகள்) சோடிகளின் தாக்கம் இருந்துகொண்டே இருக்கிறது. அது ஏற்றத்தைக் கொஞ்சம் மறைத்துவிடுகிறது. அதிக சக்தியுடன் மோதவிட்டுக் கிட்டப் போனால் மறைப்புக் குறையும், ஏற்றம் கூடும். மின்காந்த விசையின் வலிமையைக் காட்டும் எண் சாதாரணமாக 1/137. 91 கிகா இலத்திரன்வோல்ற்று சக்தியில் அது ஏறத்தாழ 1/128.

இந்த மாற்றத்தைக் கணக்கிடும் முறைக்குத்தான் மறுஇயல்பாக்கக் குழு என்று பெயர். 1954இல் ஜெல்மானும் லோவும் இதை எழுதினார்கள். அதற்கு முன்பே ஃபைன்மன், ஷ்விங்கர், டொமொனாகா ஆகியோர் கணக்குகளில் வந்த முடிவிலிகளை அகற்ற வழி கண்டிருந்தார்கள். குவாண்டம் இயற்பியலின் முன்னோடிகளில் ஒருவரான டிராக்குக்கு அந்த வழி கடைசிவரை பிடிக்கவில்லை. அவருடைய எரிச்சலில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஏன் அப்படிச் செய்யலாம் என்பதை அப்போது யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

அதைத் தெளிவாக்கியவர் கென்னத் வில்சன். கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்தால் அலை தெரியும், நீர் மூலக்கூறு தெரியாது. தோணிக்காரருக்கு அது தேவையும் இல்லை. ஆனாலும் மூலக்கூறுகளின் இழுபறி எங்கும் போய்விடவில்லை. நீரின் அடர்த்தி, பாகுநிலை என்ற எண்களுக்குள் அடங்கிவிட்டது. வில்சனின் முறையும் இதுதான். மிகக் குறுகிய தூரத்து அசைவுகளை மட்டும் முதலில் கூட்டி முடித்து, அவற்றின் விளைவைச் சமன்பாட்டின் எண்களில் ஏற்றிவிட வேண்டும். அப்புறம் அளவுகோலை மாற்றி, அதையே திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் எண்கள் சற்று நகரும். பெரும்பாலானவை தேய்ந்து போகும், ஒரு சில மட்டும் மிஞ்சும். 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

புரோத்தன், நியூத்திரன்களுக்குள் இருக்கும் குவார்க்குகளைப் பிணைக்கும் வன்விசையில் கதை தலைகீழ்: கிட்டப் போகப் போக விசை தளர்கிறது. 1973இல் குரொஸ், வில்செக், பொலிட்சர் கண்டுபிடித்தது இது.

எனக்கு இதைவிட வியப்பு, தேய்ந்து போகும் எண்கள்தான். நீர் 374 பாகை செல்சியசில், உயர் அமுக்கத்தில், திரவம் வாயு என்ற பேதத்தை இழக்கிறது. ஒரே அச்சில் மட்டும் காந்தமாகும் பொருள் வேறொரு வெப்பநிலையில் காந்தத்தை இழக்கிறது. இரண்டுக்கும் அணுவளவில் எந்த ஒற்றுமையும் இல்லை. ஆனால் அந்தப் பேதமும் காந்தமும் மறையும் வேகத்தைக் குறிக்கும் அடுக்கு இரண்டிலும் ஒன்றே: ஏறத்தாழ 0.326. அவற்றை வேறுபடுத்தும் அணுவளவு விவரங்களின் எண்கள் வில்சனின் சுற்றுகளில் தேய்ந்து போவதுதான் காரணம்.