கொட்டுகிற முடியும் மெலிகிற முடியும்

உதிர்ந்த முடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கும் இளைஞர்களைப் பார்க்காத தோல் மருத்துவர் இருக்க மாட்டார். "ஹாஸ்டல் போர் தண்ணிதான் டாக்டர்" என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். உப்புத் தண்ணீரால் முடி வறண்டு சொரசொரப்பாகும், நடுவில் ஒடியவும் கூடும். ஆனால் வழுக்கை விழாது. கைநிறையக் கொட்டுகிறது என்று பதறுகிறவரைவிட, "ஒன்றும் கொட்டவில்லை, மண்டை மட்டும் தெரிகிறது" என்கிறவருக்குத்தான் வழுக்கை வந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, ஏறக்குறைய 3 மாதம் ஓய்ந்திருந்து விழும். அதே வேரில் புதிது முளைக்கும். தினமும் 50 முதல் 100 வரை விழுவது இயல்பு. ஆண் வழுக்கையில் இந்தச் சுற்று ஒவ்வொரு முறையும் குறுகும். முளைப்பது முந்தையதைவிட மெல்லியதாகி, கடைசியில் பூனைமுடியாக நிற்கும். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டிஹெச்டி என்ற ஹார்மோன்தான் இதைச் செய்கிறது. ரத்தத்தில் அளவு பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். முன்நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்கள் அதற்கு மசிகின்றன, பின்மண்டை வேர்கள் மசிவதில்லை. 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதைக் காட்டினார்: பருவமடையும் முன்பே, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் விதைகள் செயலிழந்த ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை, டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, பரம்பரையில் அது இருந்தவர்களுக்கு விழுந்தது. "தாய்மாமன் தலையைப் பார்" என்பதில் பாதி உண்மை. ஒரு முக்கிய மரபணு அம்மா தரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அப்பா வழியிலும் பல வருகின்றன.

கொத்தாகக் கொட்டுவது வேறு கதை. அங்கே என் முதல் கேள்வி: "மூணு மாசத்துக்கு முன்னாடி உடம்புக்கு என்ன?" டெங்கு, டைபாய்டு, அறுவை சிகிச்சை, பட்டினி டயட்டில் சட்டென்று இறங்கிய எடை என ஏதாவது ஒன்று வெளியே வரும். அந்த அதிர்ச்சியில் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போன முடிகள் இப்போது சேர்ந்து விழுகின்றன. பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானே அடங்கும். (அதற்குள் மொட்டை போட்டவர், அதனால்தான் அடர்த்தியாக வளர்ந்தது என்று ஊருக்கே சொல்லுவார். கத்தி வேர்வரை போவதில்லை.) சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும், அதுவரை தெரியாத வழுக்கையைக் காய்ச்சல் காட்டிக்கொடுத்துவிடும்.

இளைஞரோடு அப்பா வந்திருந்தால், அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஜிம் ஊசி பற்றிக் கேட்பேன். தசை ஏற்றப் போட்டுக்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டு வழுக்கையை முடுக்கிவிடும்.

பிறகு ஐம்பது, அறுபது முடியைச் சேர்த்துப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பேன். ஐந்தாறுக்கு மேல் கையோடு வந்தால் கொட்டுவது உண்மை. அன்று காலை தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் இந்தச் சோதனை பலிக்காது. விழ வேண்டியது குளியலறையிலேயே விழுந்திருக்கும். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பில் தடித்த முடியும் மெலிந்த முடியும் பக்கத்தில் பக்கத்தில் கலந்து தெரிந்தால் அது ஆண் வழுக்கை. இது தெளிவாகத் தெரியும்போது பல ஆயிரம் ரூபாய் ரத்தப் பரிசோதனை 'பேக்கேஜ்' தேவையில்லை. தலை முழுக்கப் பரவலாகக் கொட்டினால் தைராய்டு, ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகியவற்றைப் பார்ப்போம். முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். தைராய்டு இல்லாதவருக்கும் இருப்பதுபோல் ரிப்போர்ட் வரச் செய்யும் மாத்திரை அது.

காசு அளவில் வட்டமாக வழித்தாற்போல் போயிருந்தால் புழுவெட்டு. புழு எதுவும் கிடையாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குகிறது. பூண்டு அரைத்துத் தேய்த்துக் கொப்புளத்தோடு வருகிறவர்கள் உண்டு.

அவசரம் வேறோர் இடத்தில் இருக்கிறது. முடி போன இடம் பளபளத்து, முளைக்கும் துளைகளே தெரியாமல், எரிச்சலோ அரிப்போ இருந்தால் அது தழும்பாகும் வகை. அங்கே 4 மில்லிமீட்டர் தோல் எடுத்து பயாப்சி செய்ய வேண்டும். அழிந்த வேர் எந்த மருந்துக்கும் திரும்பாது. சுற்றியிருப்பதைக் காப்பாற்றத்தான் சிகிச்சை. எண்ணெயை மாற்றி மாற்றிப் பார்த்து ஆறு மாதம் கடத்தினால், காப்பாற்ற இருப்பதும் குறைந்துபோகும்.