தரிசு என்று எழுதப்பட்ட காடு: வேலூர்க் குன்றுகளையும் ஏரிகளையும் பல்லுயிர் சட்டத்தில் காப்பது எப்படி?

வேலூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. கோட்டைக்குக் கிழக்கே நிற்கும் குன்றுகள், பாலமதி, தெற்கே போனால் அமிர்தி, அதையும் தாண்டினால் ஜவ்வாது மலை. இதில் காப்புக்காடாக இருக்கும் பகுதிக்குக் காவல் உண்டு, அங்கே ஒரு மரத்தை வெட்டினாலும் வனத்துறை கேட்கும். எனக்குக் கவலை அந்த எல்லைக்கு வெளியே கிடக்கும் நிலத்தைப் பற்றித்தான். சிறு குன்றுகள், ஏரிக்கரைகள், ஓடையோரங்கள், கோயில் காடுகள். வருவாய்த்துறைக் கணக்கில் இவற்றில் பலவும் 'தீர்வை ஏற்படாத தரிசு', 'கல்லாங்குத்து', 'மேய்க்கால் புறம்போக்கு' என்று இருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் உசில், வெப்பாலை, விராலி, காரை, சூரை என்று புதர்க்காடு நிற்கும். அதற்குள் கௌதாரியும் உடும்பும் முயலும் குடியிருக்கும். 2008-ல் மாநகராட்சியான வேலூர் இன்று நாலாபக்கமும் விரிந்துகொண்டிருக்கிறது. கல் குவாரி, குப்பைக் கிடங்கு, புதுக் கட்டடம் என்று எதற்கு இடம் தேடினாலும் முதலில் கண்ணில் படுவது இந்தத் 'தரிசு'தான்.

இப்படிப்பட்ட இடங்களைக் காக்க ஊர் மக்கள் கையிலேயே ஒரு சட்டம் இருக்கிறது. பல்லுயிர் சட்டம், 2002. பலருக்கு இது தெரியாது.

இந்தச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி கிராம ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என எந்த உள்ளாட்சியானாலும் 'பல்லுயிர் மேலாண்மைக் குழு' ஒன்றை அமைத்தே ஆக வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு குழுவில் ஏழு பேருக்குக் குறையாமலும் பதினொரு பேருக்கு மிகாமலும் உறுப்பினர்கள் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் இருக்கும் செடி, மரம், விலங்கு, பறவை, நாட்டு விதை, நாட்டு மாடு, அவற்றைப் பற்றி ஊராருக்குத் தெரிந்த விஷயங்கள் எல்லாவற்றையும் தொகுத்து 'மக்கள் பல்லுயிர் பதிவேடு' எழுதுவது அதன் முக்கிய வேலை. நாடு முழுவதும் இந்த வேலை இழுத்துக்கொண்டே போனதால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே உங்கள் ஊராட்சிக்கும் காகிதத்தில் ஒரு குழுவும் ஒரு பதிவேடும் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கெடுவுக்கு முடித்த பதிவேட்டில் உங்கள் ஊர் ஏரியும் குன்றும் உள்ளபடி பதிவாகியிருக்கின்றனவா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பதிவேட்டில் விடுபட்டவை இருந்தால் சேர்க்கச் சொல்லலாம், அது ஒரு தடவை எழுதி மூடிவைக்கும் புத்தகம் இல்லை. எழுதும்போது படித்தவர்களை மட்டும் கேட்டு முடித்துவிடாதீர்கள். ஆடு மேய்ப்பவர், மூலிகை பறிக்கும் பாட்டி, இருளர் குடியிருப்பில் இருக்கும் பெரியவர்கள், ஏரி மடையைப் பார்த்துக்கொண்டவர், இவர்களுக்குத் தெரிந்தது எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது. எந்த மாதத்தில் எந்தப் பறவை ஏரிக்கு வரும், எந்தச் சுனை கோடையிலும் வற்றாது, எந்தப் பாறையிடுக்கில் என்ன செடி முளைக்கும் என்று அவர்கள் சொல்வதை எழுதிவையுங்கள். நாளைக்கு ஒருவர் 'இது வெறும் தரிசு' என்று சொன்னால் எடுத்துக் காட்டுவதற்கு இந்தப் பதிவுதான் ஆதாரம்.

அடுத்த படி 37-வது பிரிவு. பல்லுயிர் வளம் உள்ள இடத்தை, உள்ளாட்சிகளோடு கலந்துபேசி, 'பல்லுயிர் பாரம்பரியத் தலம்' என்று மாநில அரசு அரசிதழில் அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் ஆடுமாடு ஓட்டக்கூடாது, சுள்ளி பொறுக்கக்கூடாது என்று வந்துவிடுமோ என்ற பயம் கிராமங்களில் உண்டு. நியாயமான பயம்தான், ஆனால் இங்கே அது வேண்டியதில்லை. ஊரார் தாங்களாக முடிவு செய்யும் கட்டுப்பாட்டைத் தவிர அவர்களது வழக்கமான பயன்பாட்டுக்குத் தடை வரக்கூடாது என்பதே இந்தத் தலங்களுக்கான வழிகாட்டு நெறி. அறிவிப்பால் யாருக்காவது பொருளாதார இழப்பு வந்தால் இழப்பீட்டுக்கோ மறுவாழ்வுக்கோ அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

பெரிய நகரத்தின் பக்கத்தில் இதெல்லாம் நடக்குமா? நடந்திருக்கிறது. இந்தியாவின் முதல் தலமே பெங்களூரை அடுத்த தேவனஹள்ளிப் பக்கம் இருக்கும் நல்லூர்ப் புளியந்தோப்புதான், 2007-ல் அறிவித்தார்கள். ஹைதராபாத்தை ஒட்டிய அமீன்பூர் ஏரி 2016-ல் வந்தது. தமிழ்நாட்டில் முதலாவது மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் ஏறக்குறைய 193 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோவில் காடு 5 ஹெக்டேர்கூட இல்லை, அதுவும் 2025-ல் அறிவிப்புப் பெற்றது. எனவே 'எங்கள் ஊர்க் கோயில் காடு சின்னது' என்று பின்வாங்க வேண்டாம்.

சட்டத்தின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். 37-வது பிரிவில் சுரங்கத்துக்கு நேரடித் தடை எதுவும் எழுதப்படவில்லை. 2024-ல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட நிலப்பரப்புக்குள் அரிட்டாபட்டித் தலமே அடங்கியிருந்தது. ஊர்கள் திரண்டு போராடின, கிராம சபைகள் தீர்மானம் போட்டன, சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் கையில் அந்த அரசிதழ் அறிவிப்பு இருந்தது அவர்கள் வாதத்துக்குப் பெரிய பலம் என்று நான் நம்புகிறேன். நம் மாவட்டத்துக்கும் இப்படிப் போராடுவது புதிதில்லை. பாலாற்றுத் தோல் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் நடத்திய வழக்கில்தான், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சரி, எங்கே தொடங்குவது? இடத்தின் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, வருவாய்த்துறையின் கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அது என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். இணையத்திலேயே பார்க்கலாம், கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம். அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. 'இன்ன சர்வே எண்ணில் உள்ள குன்றைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கும்படி தமிழ்நாடு பல்லுயிர் வாரியத்தைக் கேட்டுக்கொள்கிறோம்' என்று தீர்மானம் போட்டு, நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அதை மக்கள் பல்லுயிர் பதிவேட்டின் பக்கங்கள், படங்கள், வரைபடத்துடன் மேலாண்மைக் குழு வழியாக வாரியத்துக்கு அனுப்புங்கள், மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு நகல் போகட்டும். மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் கவுன்சிலர் மூலம் மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரக் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கத்துக் காடுகளில் சந்தனம் உண்டு, செம்மரமும் உண்டு. பதிவேட்டில் அவற்றின் பெயர் இருக்கட்டும். எந்தச் சரிவில் எத்தனை மரம் நிற்கிறது என்ற விவரம் குழுவோடும் வனத்துறையோடும் நிற்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வரைபடத்தோடு பகிர்ந்தால் கடத்தல்காரர்களுக்கு வழி காட்டியதாகிவிடும்.